அடுத்த மீன் வாங்க அவசரப்படாதீர்கள்

காலையில் விளக்கைப் போட்டால், கடல்நீர்த் தொட்டியின் அடியில் ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. முந்திய இரவு அது நன்றாகத் தின்றது. உடலில் காயமோ புள்ளியோ இல்லை. நீரும் தெளிவாகவே இருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கடைக்காரர் ஒரு மருந்துப் புட்டியை நீட்டுவார். சனிக்கிழமை புதிய மீன் ஒன்று வந்துவிடும். சில வாரங்களில் அதுவும் செத்தால், "இந்தத் தொட்டிக்கு ராசி இல்லை" என்று பேச்சு முடிந்துவிடும்.

இந்த வழக்கம் தவறு என்பது என் கருத்து. காரணம் தெரியாமல் மீன் செத்தால், அதைக் கண்டுபிடிக்கும்வரை அடுத்த மீனை வாங்கக்கூடாது. கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், செய்யவேண்டிய சோதனைகளையெல்லாம் செய்து முடிக்கும்வரையாவது பொறுத்திருக்க வேண்டும்.

ஒரு மீனுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்கள் அப்படியல்ல. அவற்றில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. சிங்கப்பூர்க் கடைகளில் நாம் பார்ப்பவற்றில் பல, இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ் கடல்களிலிருந்து வருகின்றன. மீனை மயக்கிப் பிடிக்க பாறை இடுக்குகளில் சயனைடைப் பீய்ச்சும் முறை 1960களில் பிலிப்பீன்ஸில் பரவியது. சட்டம் தடுத்தும் அது முற்றாக ஒழியவில்லை. அந்த நஞ்சு மீனோடு சேர்த்துப் பவளத்தையும் கொல்கிறது. சுலாவெசிக்குக் கிழக்கே பாங்காய் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட பாங்காய் கார்டினல் மீனை, 2007ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. வீட்டுத் தொட்டிகளுக்காக அளவுமீறிப் பிடித்தது அதற்கு முக்கியக் காரணம். ஆகவே, செத்த மீனுக்குப் பதிலாக ஒன்று, அதற்குப் பதிலாக இன்னொன்று என்று நாம் வாங்கிக்கொண்டே போனால், கணக்கு நம் பணப்பையோடு நிற்பதில்லை.

சரி, எப்படித் துப்பறிவது? முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் பதறிப்போய் பாதி நீரை மாற்றி, வடிகட்டியைக் கழுவி, மருந்தை ஊற்றி, மணலையும் கிளறிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது காரணம், எது தீர்வு என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. எதைத் தொடுவதற்கும் முன்னால், சுத்தமான புட்டியில் கொஞ்சம் தொட்டி நீரை எடுத்து வையுங்கள். அது தடயம். மற்ற மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், காற்றுக் குமிழியைக் கூட்டுங்கள், நீரையும் மாற்றுங்கள். உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யச் சொல்லவில்லை. அப்போதும் அந்த ஒரு புட்டி நீரை முதலில் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, யார் செத்தார்கள் என்பதைவிட யார் பிழைத்தார்கள் என்று பாருங்கள். மீன்கள் சாகின்றன, இறால்களும் நத்தைகளும் சுறுசுறுப்பாக இருக்கின்றன என்றால், மீனை மட்டும் தாக்கும் ஒட்டுண்ணிமீது சந்தேகம் போகவேண்டும். வெல்வெட் என்ற நோய் முதலில் செவுளில்தான் குடியேறும். உடலில் தூள் தூவியதுபோன்ற அடையாளம் தெரியும் முன்பே மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடலாம். "காயமில்லை, புள்ளியில்லை" என்று நாம் சொல்வது அதனால் பெரிய சான்று ஆகாது. பெரிய மீன்கள் மட்டும், அதுவும் விடியலில் செத்துக் கிடந்தால், உயிர்வாயுக் குறைவாக இருக்கலாம். இறால்கள் முதலில் செத்து, பிறகு மீன்கள் செத்தால், வெளியிலிருந்து நஞ்சு வந்திருக்கிறதா என்று கேட்கவேண்டும்.

அந்த நஞ்சு பல வீடுகளில் யாரும் நினைக்காத இடத்திலிருந்து வருகிறது: கொசு மருந்து. டெங்கி பரவும் காலத்தில் புகையடிப்பதும், வீட்டுக்குள் பூச்சி மருந்து தெளிப்பதும் நமக்குப் பழக்கம். இவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை இரசாயனங்கள் இருக்கின்றன. பாலூட்டிகளின் உடல் அவற்றை வேகமாகச் சிதைத்துவிடும். மீன்களால் அப்படி முடியாது. இறாலோ, பூச்சியைப்போலவே கணுக்காலி இனம். அதற்கு இது இன்னும் கொடியது. தொட்டியின் காற்றுப் பம்பு அறைக் காற்றை உறிஞ்சி நேராக நீருக்குள் ஊதுகிறது. புகையடிக்கும் நேரத்தில் பம்பை நிறுத்தி, தொட்டியை மூடி வைக்கலாம். வீவக வீட்டில் தாழ்வாரத்தில் எப்போது புகையடித்தார்கள் என்பதை யாராவது குறித்து வைத்திருக்கிறோமா?

விடியல் மரணத்துக்கு வருவோம். பகலில் வெளிச்சத்தில் பாசி உயிர்வாயுவை வெளியிடும். இரவில் மீன், பாசி, நுண்ணுயிர் எல்லாமே அதை எடுத்துக்கொள்ளும், தருவதற்கு ஒன்றும் இல்லை. இதோடு நம் வெப்பமும் சேர்கிறது. 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் உயிர்வாயு கரையும். அதே வெப்பத்தில் கடல்நீரில் 7க்கும் குறைவு. கடல்நீர் 30 டிகிரிக்குப் போனால் 6 சொச்சம்தான். நீர்க்குளிரூட்டி இரவில் பழுதாகி, காலையில் நாம் எழுவதற்குள் மீண்டும் ஓடத் தொடங்கினால், வெப்பமானி ஒன்றும் நடக்காததுபோல் 26 காட்டும். அதிகபட்ச அளவை நினைவில் வைக்கும் வெப்பமானி ஒன்று, மூன்று மருந்துப் புட்டிகளைவிட மதிப்புள்ளது.

அமோனியாவை அளக்காமல் எந்த விசாரணையும் முடியாது. மீனின் கழிவிலும் மிச்ச உணவிலும் உண்டாகும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். கடல்நீர்த் தொட்டியின் பிஎச் ஏறக்குறைய 8.2. பிஎச் 7 நீரைவிட இந்த நிலையில், அமோனியாவின் நச்சு வடிவம் பத்து மடங்குக்கும் அதிகம். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு இங்கே ஆளைக் கொன்றுவிடும். சிங்கப்பூரில் குழாய்நீரைக் கிருமிநீக்கக் குளோரமின் சேர்க்கிறார்கள். ஓர் இரவு வாளியில் வைத்தால் குளோரின் ஓரளவு பறந்துபோகும், குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. அதனால் உப்புக் கரைக்கும் நீரையும் ஒருமுறை சோதிக்கவேண்டும்.

உப்பையும் அளந்துவிடுங்கள், அது ஒரு நிமிட வேலை. ஆவியாகிப் போவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்தை உப்புநீர் ஊற்றி நிரப்புகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் கடலைக் கெட்டியாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

செத்த மீனையும் உடனே குப்பையில் போடாதீர்கள். அது இருக்கும் இடத்தில் அமோனியாவைக் கூட்டும் என்பதால் தொட்டியிலிருந்து எடுப்பது அவசியம். ஆனால் கையுறை போட்டு எடுங்கள், மீனிலிருந்து வெட்டுக்காயம் வழியே மனிதரைத் தொற்றும் பாக்டீரியாவும் உண்டு. பைக்குள் வைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவைத்தால் திசு சிதைந்துவிடும். (அம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குவது நல்லது.) அன்றே பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் உதவியோடு செவுளில் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தால், ஒட்டுண்ணி இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கலாம். 2015ன் தொடக்கத்தில் ஜொகூர் நீரிணையை ஒட்டிய பண்ணைகளில் மீன்கள் பெருமளவில் செத்தபோது, நுண்பாசிப் பெருக்கமே காரணம் என்று சொல்ல முடிந்ததும் நீர் மாதிரிகளைச் சோதித்ததால்தான். அங்கே யாரும் ராசியைக் குறை சொல்லவில்லை.

மருந்துக்கு நான் எதிரி அல்லன். ஆனால் நோய் தெரியாமல் ஊற்றும் மருந்துக்கு எதிரி. ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்து நல்ல மருந்துதான். அதே செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பின்னாளில் தொல்லையும் தரும். மருந்து கொடுப்பதானால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். இதைச் சொல்லாமல் புட்டியை விற்கும் கடை, உங்கள் மீனின் நண்பன் அல்ல.

இத்தனைக்கும் யாருக்கு நேரம் இருக்கிறது, தேர்வு இருக்கிறதே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் தேவை ஒரு நோட்டும் நாளுக்கு இரண்டு நிமிடமும். வெப்பம், உப்பு, வாரம் ஒருமுறை அமோனியா, என்ன உணவு, என்ன புதிதாக வந்தது, யார் என்ன தெளித்தார்கள். மீன் செத்த பிறகு தொடங்கும் நோட்டு அரைப் பயன்தான் தரும். இன்றே தொடங்கினால் அடுத்த முறை "நேற்றுவரை எல்லாம் சரி" என்று ஊகத்தில் சொல்ல வேண்டியிருக்காது. ஒன்றை மாற்றினால் சில நாள் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்து காரணம் கிடைக்காமலும் போகலாம். பிடிபட்டபோதும் பயணத்திலும் பட்ட பாடு, உள்ளுறுப்புக் கோளாறு போன்றவற்றை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது "தெரியவில்லை" என்று நோட்டில் எழுதுங்கள். அளந்து பார்த்தபின் எழுதும் "தெரியவில்லை" வேறு, அளக்காமல் சொல்லும் "தெரியவில்லை" வேறு.

ஒட்டுண்ணிச் சந்தேகம் இருந்தால், தொட்டியில் மீனே இல்லாமல் குறைந்தது ஆறு வாரம் விடவேண்டும். வெண்புள்ளி நோய் என்றால் இன்னும் நீளும். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி பட்டினியில் செத்துவிடும். இறால்களுக்கும் நத்தைகளுக்கும் மட்டும் உணவு போட்டு வாருங்கள். பிறகு வாங்கும் மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்துவிட்டுச் சேருங்கள். கோமாளி மீனையும் பாங்காய் கார்டினலையும் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் 20 ஆண்டுகூட வாழும். கடையில் விலையைக் கேட்பதற்கு முன், "இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் அன்றைக்கு உப்பு மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.