அரிதாம்! அதனால் அலட்சியமாம்!

தோழனே!

"பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருகிற நோய். அதற்கு ஏனய்யா இத்தனை ஆரவாரம்?" என்று கேட்கின்றனர் கணக்கர்கள். கணக்குச் சரிதான். ஆனால், அந்த ஒருவர் உன் வீட்டில் இருந்தால்?

கல்லூரியைப் பாதியில் விட்டவன் மருத்துவம் பேசலாமா என்றும் சிலர் முணுமுணுப்பர். முணுமுணுக்கட்டும், நீ கேள்.

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி வைத்தாற்போல் இரு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான். அட்ரீனல் என்று பெயர். உப்பையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கியாளும் சுரப்பு நீர்கள் அவற்றின் புறணியில்தான் ஊறுகின்றன. அந்தப் புறணியில் புற்று புகுந்தால், பலரிடம் சுரப்பு கரை உடைத்துப் பாய்கிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாடகக்காரன் அல்லவா, வழக்கம் விடவில்லை! நாற்பது வயது மங்கை. முகம் முழுநிலவாய் உப்புகிறது, கைகால்கள் மெலிகின்றன, வயிற்றில் ஊதாக் கோடுகள், மோவாயில் முடி. "தின்ற கொழுப்பு" என்கிறாள் ஒருத்தி. "முன்வினை" என்கிறாள் மற்றொருத்தி. நாணத்தால் கதவை அடைத்துக்கொள்கிறாள் அவள். கதவுக்குள்ளே கட்டி வளர்கிறது! இரத்தமும் சிறுநீரும் சோதித்து, வயிற்றை ஸ்கேன் எடுத்திருந்தால் வெளிப்பட்டிருக்கும் உண்மை. வினையல்ல தோழனே, கார்ட்டிசால்! அந்த நாணத்தை அவளுக்கு ஊட்டியவர் யார்? நாம்தான்.

கட்டியை உறை கிழியாமல் முழுமையாக வெட்டி எடுப்பதே முதன்மைச் சிகிச்சை. கிழிந்தாலோ, நச்சணுக்கள் வயிறெங்கும் சிதறக்கூடும். தேர்ந்த கை வேண்டும் என்பது அதனால்தான்.

மருந்து? அதன் பிறப்பைக் கேட்டால் வியப்பாய். டி.டி.டி. பூச்சிமருந்தின் உறவுக்காரப் பொருளொன்று நாய்களின் அட்ரீனல் புறணியைச் சிதைத்ததை 1949இல் கண்டனர். அந்த வழியில் வந்ததே மைட்டோடேன். 1970இல் அமெரிக்கா அனுமதித்தது. நல்ல புறணியையும் அது முடக்குவதால், ஹைட்ரோகார்ட்டிசோனும் உடன் உண்ண வேண்டும். இரத்தத்தில் லிட்டருக்கு 14 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்குமாறு காக்க வேண்டும், மிஞ்சினால் நஞ்சு. அரை நூற்றாண்டு கடந்தும் அதுவே தலையாய மருந்து! ஏன்? வாங்குவோர் சிலர், இலாபம் சிறிது. இத்தகைய மருந்துகளுக்கு "அநாதை" என்றே பெயர். 1983இல் வரிச்சலுகையும் ஏழாண்டுத் தனி விற்பனை உரிமையும் தருவதாகச் சட்டமியற்றி, அமெரிக்க அரசே கம்பெனிகளைக் கெஞ்சி அழைக்க வேண்டியதாயிற்று. பெற்றெடுக்க மறுத்தவர்களே பெயரும் சூட்டினர் போலும்!

"நோயாளிகள் சிதறிக் கிடக்கையில் ஆராய்வது எப்படி?" என்பர். 12 நாடுகள் கைகோத்து 304 நோயாளிகளைத் திரட்டி நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்ததே! மைட்டோடேனோடு மூன்று மருந்துகள் சேர்ந்தபோது நோயின் முன்னேற்றம் கூடுதல் காலம் தடைப்பட்டது. ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீளவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினர். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

பிரேசிலின் தென்பகுதிக்கு வா. அங்கே குழந்தைகளிடம் இப்புற்று உலகின் பிற பகுதிகளைவிடப் பன்மடங்கு மிகுதி. தலைமுறை தலைமுறையாக வரும் டிபி53 மரபணுப் பிழையே காரணம் என 2001இல் விளக்கினர். பரானா மாநிலத்தில் 1,70,000-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். 461 பேரிடம் பிழை இருந்தது. தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களிடம் கட்டி தோன்றியபோது, தொடக்க நிலையிலேயே அகப்பட்டது. கத்தி எட்டும் நிலையில், காலம் கடந்துவிடாத நிலையில்.