மனோரஞ்சிதம் செய்த குற்றம் என்ன?

ஓசூரில் எங்கள் லேஅவுட்டில் மூன்றாவது மனோரஞ்சிதமும் போன வாரம் வெட்டப்பட்டது. காரணம் அதே பழைய பாட்டுதான்: "வாசனைக்குப் பாம்பு வரும்."

பாம்பு பூ வாசம் பிடிக்க வருவதில்லை, ஐயா. அது நாக்கை நீட்டித் தேடுவது எலியையும் தவளையையும். எலி எங்கே இருக்கிறது? வெட்டச் சொன்னவர் வீட்டுப் பின்புறம், வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் குவியலில். அதை அகற்றச் சங்கத்தில் யாரும் தீர்மானம் போடவில்லை.

புதர் அடர்ந்தால் அடியில் பாம்பு ஒதுங்கலாம், மறுக்கவில்லை. அதற்குக் கத்தரி போதுமே, கோடாலி எதற்கு? தரையிலிருந்து இரண்டடி வரை கிளைகளைக் கழித்து, சருகைக் கூட்டி, பந்தலில் ஏற்றிவிடுங்கள். பூக்காம்பே கொக்கிபோல் வளைந்து பற்றிக்கொள்ளும். தண்ணீர் தேங்காத மண் வேண்டும், கொஞ்சம் வெயில் வேண்டும். வருஷம் முழுக்கப் பச்சைதான். பூ மஞ்சளாகும்போதுதான் வாசம் தூக்கும். நினைத்த பழத்தின் வாசம் தரும் என்பார்கள். எனக்கு எப்போதும் பலாப்பழம்தான்.

இதே சீதாப்பழக் குடும்பத்து மரம்தான் இலாங்-இலாங். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்தப் பெயர் பழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் கொமோரோ தீவுகளில் அதைத் தோட்டமாகவே வளர்த்து, செண்ட்டுக்குத் தைலம் இறக்கினார்கள். நாமோ வாசம் குறைந்த தாஜ்மகால் ரோஜாவைப் பசுமைக்குடிலில் சீராட்டிக் காதலர் தினத்துக்கு ஏற்றுமதி செய்கிறோம்; மணக்கிற செடியைக் குப்பை வண்டியில் ஏற்றுகிறோம்.

நாலாவது செடி என் மதிலோரம் நிற்கிறது. அதைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் அந்தக் கல் குவியலை அகற்றிவிட்டு வரட்டும்.