கூலும் குளிர்ச்சியும்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் தில்லியிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பேரனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைத் தொலைபேசியில் கேட்ட நண்பரின் அன்னையார், ஊரிலிருந்து, "என் வயிறு குளிர்ந்ததடா கண்ணா" என்றார். பையன், "கூல், பாட்டி" என்றான். "கூழா? அங்கேயும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களா?" என்று அம்மூதாட்டி வியப்போடு வினவ, கூடத்திலிருந்தோர் அனைவரும் நகைத்தோம். நானும் நகைத்தேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்நகைப்பு முள்ளாய்த் தைத்தது. இருவரும் குளிர்ச்சியைத்தான் பேசினர். ஆயினும் ஒருவர் சொன்னது மற்றவரை எட்டவில்லை.

'கூல்' என்பது பழிக்கத்தக்க சொல்லன்று. இளங்குளிரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. பதற்றமின்மை, பற்றின்மை, அன்பற்ற வரவேற்பு, அஞ்சாத துடுக்கு எனப் பல பொருள்கள் அதனின்று கிளைத்தன. பெருந்தொகையைச் சொல்லும்போது அழுத்தத்திற்காக அதனை முன்னே சேர்க்கும் வழக்கும் 18ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. இன்று 'நன்று', 'சரி', 'கவலையில்லை' என்னும் பொருள்களில் உலகெங்கும் உலவும் 'கூல்' அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்தது. 1949, 1950ஆம் ஆண்டுகளில் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த ஜாஸ் இசை, 1957இல் 'பர்த் ஆப் த கூல்' என்னும் பெயரில் தொகுப்பாக வெளிவந்தது. நிறவெறி நாளும் இழிவுபடுத்திய நாட்டில், முகத்தில் சினம் காட்டாது நிமிர்ந்து நின்றோரின் கவசம் அக்குளிர்ச்சி. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடையே குளிர்ச்சி என்பது மன அமைதியையும் பெருந்தன்மையையும் சுட்டும் பண்பு என்று கலை வரலாற்றறிஞர் ராபர்ட் பாரிஸ் தாம்ப்சன் எழுதியுள்ளார். இத்துணை வரலாறுடைய சொல்லிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது என்ன? தோளைக் குலுக்கும் அலட்சியம் ஒன்றே!

சொல்லின் பொருளைத் தட்பவெப்பமும் வகுக்கிறது. பனியில் நடுங்கும் நாட்டார்க்கு வெம்மையே அன்பு. குளிர்ச்சி, அன்பின் குறைவு. வெயிலில் வாடும் நமக்கோ குளிர்ச்சியே அன்பு. கண் குளிரக் காண்கிறோம். உள்ளம் குளிர வாழ்த்துகிறோம். அருளைத் 'தண்ணளி' என்கிறோம். அரசனது குடை அவனுக்கு வெயில் மறைப்பதற்கன்று, வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவதற்கே என்று சோழன் கிள்ளிவளவனுக்கு வெள்ளைக்குடி நாகனார் இடித்துரைத்ததைப் புறநானூறு காட்டுகிறது. தண்மைக்கு மட்டுமா சொல்? அச்சம் நீங்கித் துடுக்கு மிகுந்தவனைக் 'குளிர் விட்டுப் போயிற்று' என்கிறோம். ஆங்கிலத்தில் குளிர்ச்சியே துடுக்கு. தமிழிலோ குளிர் நீங்குவது துடுக்கு! இந்நுட்பத்தை எந்தப் பள்ளியில் நம் பிள்ளைகள் கற்பர்?

நாம் குடியேறிய மண்ணும் இதனையே பேசுகிறது. மனநிறைவு கொண்ட இந்திக்காரர் தம் நெஞ்சம் குளிர்ந்தது என்றே சொல்கிறார். வடபுலத்தார் வழிபடும் அம்மைத் தெய்வமாம் சீதளா தேவியின் பெயருக்கே 'குளிர்ந்தவள்' என்பது பொருள். பாட்டி ஊற்றும் ஆடிக்கூழும், ஹோலிக்குப் பின் சீதளாவுக்குப் படைக்கப்படும் ஆறிய உணவும் தெய்வத்தைக் குளிர்விப்பனவே. ஊர்ப் பாட்டியின் சொல்லைக் கற்ற பிள்ளை, அண்டை வீட்டு மூதாட்டியின் நெஞ்சையும் அறிந்துகொள்வான்.

"ஒரு சொல் எல்லாவற்றிற்கும் உதவும்போது பத்துச் சொற்கள் எதற்கு?" என்பார் உளர். நன்று! பெயரன் பிறந்தாலும் 'கூல்', பேருந்து வந்தாலும் 'கூல்' எனில், பேருந்துக்கும் பெயரனுக்கும் வேற்றுமை யாது? எல்லாவற்றையும் குறிக்கும் சொல் எதையும் குறிப்பதில்லை. "அச்சொல்லை வீட்டுக்குள் விடாதீர்" என்று முழங்கும் தனித்தமிழ் அன்பர்க்கும் ஒன்று சொல்வேன்: விலக்கிய சொல்லின் இடத்தில் வேறொரு சொல்லை வைக்காவிடின், பிள்ளையின் நாவில் எஞ்சுவது மௌனமே.

குற்றம் பிள்ளைகளுடையதன்று. இல்லத்தில் நாம் தமிழை எதற்குப் பயன்படுத்துகிறோம்? 'சாப்பிடு', 'படி', 'கதவைச் சாத்து' என்னும் ஏவல்களுக்கு! மகிழ்ச்சியையும் நன்றியையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மைந்தன் தமிழில் நெகிழவில்லையே என ஆண்டு விழா மேடையில் அழுகிறோம். நெகிழும் தமிழை அவன் கேட்டதுண்டா?

பையன் தன் தோழரிடம் ஆயிரம் முறை 'கூல்' என்று சொல்லட்டும்; அது அவன் காலத்துச் சொல். ஆனால் வயிறு குளிர்ந்தது என்று ஒரு முதியவள் சொல்லும்போது, அவள் தருவது வாழ்த்து என்பதை அவன் அறிதல் வேண்டும். அன்று நகைத்த நாங்கள் எவரும் அதனை அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அக்கடன் இன்னும் தீரவில்லை.