எங்கெங்கே நிற்பது?

விடுமுறைப் பயணமென்றால் போய்ச் சேரும் இடத்தையே நாம் எண்ணுகின்றோம். இடையில் எங்கெங்கே நிற்பது என்பதைச் சாரதியின் விருப்பத்திற்கு விட்டுவிடுகின்றோம். இது சரியன்று என்பதை, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கடலோர வீதியாற் சென்றபோது அறிந்துகொண்டோம்.

அவ்வீதி சுமார் 130 கிலோமீற்றர் நீளமானது. ஓடி முடிப்பதற்குச் சில மணி நேரம் போதும். பார்த்து முடிப்பதற்கோ ஒரு பகலும் போதாது. பாசிக்குடாவிலே கடல் வெகுதூரம்வரை ஆழமின்றி அமைதியாகக் கிடக்கின்றது. சிறுவர்கள் கரையேற மறுத்தனர். வாகரையில் மதிய உணவு. பின்னர் மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆற்றங்கரையிலே, சித்திரவேலாயுத சுவாமி கோயிலிற் பூசை முடியும்வரை நின்றோம். கிண்ணியாவை அடையுமுன்னரே இருட்டிவிட்டது. வாகனமும் நில்லாது விரைந்தது.

திருகோணமலையில் இறங்கும்போது அம்மம்மா, "கிண்ணியாப் பாலம் இன்னும் வரவில்லையா, பிள்ளை?" என்று கேட்டார். நாம் வாயடைத்து நின்றோம்.

2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான அப்பாலம் இளையோருக்கு வெறும் பாலமே. அதற்கு முன்னர் 'பாதை' எனப்படும் மிதவையிலேதான் மனிதரும் வாகனங்களும் அந்நீரைக் கடந்தனர். மணமான புதிதில் அத்துறையிலே அம்மம்மா காத்திருந்த பொழுதுகள் எத்தனையோ! அவ்விடத்தை ஒருமுறை காணவே அவர் எம்முடன் புறப்பட்டிருக்கின்றார். நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாட் காலை அங்கே போய்வருவோமென்றோம். "வேண்டாம் ராசா, கொழும்புக்குப் போக நேரமாகிவிடும்" என்றார்.

ஆதலால், வாசகர்களே, புறப்படுவதற்கு முன்னாள் இரவே குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து, ஆளுக்கோர் இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதியோரை முதலிற் கேளுங்கள். ஒரு பகலுக்கு நான்கு இடங்களே அதிகம். கடற்குளிப்பை வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள். கடைசி இடத்தைச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அடையுமாறு வகுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் கீழைக் கடல் கொந்தளிக்கும், மழையும் குறுக்கிடும். சித்திரை முதல் ஆவணி வரையுள்ள காலமே ஏற்றது.

வருகின்ற சித்திரை விடுமுறையில் அம்மம்மாவை மீண்டும் அழைத்துச் செல்லவுள்ளோம். இம்முறை திருகோணமலையிலே தொடங்குவோம். முதலில் நிற்குமிடம் கிண்ணியா.