டிரம் தண்ணீரில் தெரியாத கோளாறு

தென்னேரிக் கரையில் நின்று பார்த்தால் மழைக்காலத்தில் தண்ணீர் கடல் மாதிரிதான் விரியும். ஆனால் கடல் இல்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. அப்புறம் பட்டுத்தறி ஊரில் அவுட்போர்டு இன்ஜின் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் (அப்போது இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்) மொட்டை மாடியில் நின்றவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பேரிடர் மீட்புப் படையின் ரப்பர் படகுகளும், மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஃபைபர் படகுகளும் தெருவுக்குள் ஓடிய நாட்கள் அவை. படகின் பின்பக்கம் தொங்கும் அந்த மோட்டார் நடுவழியில் மூச்சு வாங்கினால் என்ன ஆகும் என்பது கடலோரத்துக்காரர் கவலை மட்டும் இல்லை.

மூச்சு வாங்குவது என்றால் ஒரேயடியாக நின்றுபோவது அல்ல. அது நல்ல நோய்! நின்ற இன்ஜின் கரைக்கு வந்த பிறகும் நின்றே இருக்கும், பிரித்துப் பார்த்துவிடலாம். இது வேறு. கரையிலிருந்து கிளம்பும்போது சிங்கம் மாதிரி ஓடும். அரை மணி நேரம் கழித்து வேகம் தானாக விழும். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழும். மறுபடி விழும். படகுக்காரர் எப்படியோ தட்டித் தடவிக் கரை சேர்ந்து மெக்கானிக்கிடம் கொண்டு போகிறார். அங்கே என்ன நடக்கிறது? ஒரு பழைய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் இன்ஜினை முக்கி, கயிற்றை இழுத்தால்... அழகாக ஓடுகிறது. "ஒண்ணும் இல்லையே அண்ணே, பிளக் மாத்திடலாம், கார்பரேட்டர் கழுவிடலாம்" என்று சொல்லி ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் கடலில் அதே இடத்தில் அதே மூச்சு.

இந்த டிரம் சோதனை, சோதனையே அல்ல. 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 15 லிட்டருக்கும் மேல் எரிபொருள் குடிக்கும். டிரம்முக்குள் சும்மா ஓடும்போது ஒன்றிரண்டு லிட்டர் போதும். பாதி அடைத்த குழாய் வழியாகவும் அந்த ஒன்றிரண்டு லிட்டர் சுகமாக வந்துவிடும். சூடானால் மட்டும் வேலை செய்யாத இக்னிஷன் காயில், டிரம்முக்குள் ஓடும் ஐந்து நிமிடத்தில் சூடாகவே ஆகாது. காஞ்சிபுரத்துக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பாவு ஏற்றாத தறியை ஆட்டிப் பார்த்து இழை ஏன் அறுகிறது என்று எந்த நெசவாளியாவது கண்டுபிடிப்பாரா? இழை எங்கே, எத்தனை முழத்துக்கு ஒருமுறை, ஈரக்காற்றிலா வெயிலிலா என்று தறியில் உட்கார்ந்தவரைத்தான் முதலில் கேட்பார். படகு விஷயத்தில் மட்டும் கோளாறை நேரில் பார்த்த ஒரே சாட்சியான, சுக்கானைப் பிடித்திருந்த மனிதரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவருக்குப் படிப்பு இல்லையாம்!

கேட்க வேண்டிய முதல் கேள்விக்குக் காசே செலவில்லை. வேகம் விழுந்தபோது சத்தம் ஏறியதா, இறங்கியதா? இன்ஜின் வீல் என்று கத்தியது, படகு மட்டும் நகரவில்லை என்றால் இன்ஜினில் பழுதே இல்லை. புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது, அல்லது விசிறி காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றுகிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எத்தனை கார்பரேட்டர்கள் அநியாயமாகக் கழுவப்பட்டிருக்குமோ..

சத்தம் இறங்கியது என்றால் அடுத்த சாட்சி, எரிபொருள் ஹோஸின் நடுவில் முட்டை மாதிரி இருக்கும் ரப்பர் பல்பு. வேகம் விழும் அந்த நொடியில் அதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கரைக்கு வந்த பிறகு தொட்டுப் பயனில்லை. பல்பு சப்பி ஒட்டிப்போயிருந்தால் டேங்கிலிருந்து பல்பு வரைக்கும் எங்கோ அடைப்பு. பெரும்பாலும் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறந்ததுதான்! எரிபொருள் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுக்க முடியாமல் இன்ஜின் திணறும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், இன்ஜின் உயிர் பெறும். பல்பு சப்பாமல், ஆனால் அமுக்க அமுக்க வேகம் திரும்பி வந்தால் பம்பின் டயாபிரம் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸ் மாட்டும் இடங்களில் எங்கோ காற்று உள்ளே போகும். இதில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் ஓடும்போது வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. கசிவு இல்லாததால் ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழைய ஹோஸின் உள்பூச்சு உரிந்து நாக்கு மாதிரி தொங்கினாலும் அப்படித்தான். மெதுவாகப் போகும்போது வழி விடும், வேகம் கொடுத்தால் உறிஞ்சலில் மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் புது ஹோஸ் மாதிரியே இருக்கும்.

எரிபொருளின் கதை தனிக் கொடுமை. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கியது, 2025-ல் நாடெங்கும் அதுவே வழக்கம் ஆகிவிட்டது. மைலேஜ் குறைகிறது, ரப்பர் பாகங்கள் கெடுகின்றன என்று கார்க்காரர்கள் 2025 ஆகஸ்டில் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். அந்தச் சண்டையில் படகுக்காரர் குரல் யார் காதில் விழுந்தது? எத்தனால் தண்ணீரை இழுக்கும். கார் டேங்க் மூடியே இருக்கும். படகு டேங்க் உப்புக் காற்றில், அலைத் தெறிப்பில், திறந்த காற்றுத் திருகோடு கிடக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அதே அடியில்தான். அமைதியான கடலில் ஒழுங்காக ஓடி, அலை அடித்து டேங்க் குலுங்கும்போது மட்டும் இன்ஜின் திணறினால் முதல் சந்தேகம் இதன் மேல் விழ வேண்டும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஆடாமல் வைத்தால் நடுவில் கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. பல்பு நிறைந்து இறுக்கமாக இருந்தும் வேகம் விழுந்தால் தீப்பொறிப் பக்கம் போகலாம். சூட்டில் சாகும் காயில், உரசித் தேய்ந்த கில் ஸ்விட்ச் வயர், மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினில் கரி பிடித்த பிளக். ஓடும் இன்ஜினில் பிளக் மூடியை வெறுங்கையால் பிடுங்கிப் பார்க்கும் வீரம் மட்டும் வேண்டாம், ஷாக்கும் அடிக்கும், சிடிஐ பெட்டியும் போகும். பக்கவாட்டில் பீய்ச்சும் குளிர்நீர்த் தாரை மெலிந்தால் சூடு ஏறுகிறது என்று அர்த்தம். புது மாடல்கள் பல, சூடு அளவு மீறினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளத் தெருவில் ஒரு பாலிதீன் பை நீர் உறிஞ்சும் சல்லடையில் ஒட்டினால் இது நடந்துவிடும். பையை எடுத்தால் தீர்ந்தது.

"ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கிட்டா கம்ப்யூட்டரே கோளாறைச் சொல்லிடும்" என்பவர்கள் உண்டு. நல்ல இயந்திரம்தான், மறுப்பில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் இன்ஜினைத்தான் பார்க்கும். டேங்க் மூடியைத் திறக்க மறந்ததையும் நாக்கு தொங்கும் ஹோஸையும் அது பார்க்காது. தண்ணீர் கலந்த பெட்ரோலைப் பழைய கார்பரேட்டர் கொஞ்சமாவது பொறுத்துக்கொள்ளும், இன்ஜெக்டர் பொறுக்காது.

சென்னையிலிருந்து நாகை வரை ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டு டீசல் இன்ஜின்தான் அதிகம். கன்னியாகுமரிப் பக்கம் அவுட்போர்டு ராஜ்ஜியம். அரசுத் தாள்களில் இதற்கு "வெளிப்பொருத்தும் இயந்திரம்" என்று பெயர், வாங்க மானியமும் உண்டு. மானியம் இயந்திரத்தோடு முடிந்துபோகிறது என்பதுதான் வழக்கு. 1963-ல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. அங்கே முக்கியமாக உருவாவது பெரிய மீன்பிடிக் கலங்களுக்கான மாலுமியும் ஃபிட்டரும். இரண்டு பேர் போகும் சின்னப் படகில் ஃபிட்டர் ஏது? சுக்கான் பிடிப்பவரேதான் ஃபிட்டர். அவருக்கு ஒருநாள் பாடம், அதுவும் வகுப்பறையில் இல்லாமல் ஓடும் படகில், சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்றால், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் அடித்ததை நினைத்துப் பாருங்கள். அந்தக் காற்றில் ஒவ்வொரு நிமிட வேகமும் உயிர். பாக் நீரிணையில் நிலைமை வேறு விதம். தள்ளாடும் இன்ஜினோடு மிதக்கும் படகை நீரோட்டம் 1974-ல் போட்ட எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டால், "இன்ஜின் இழுக்கலைங்க" என்ற வாக்குமூலத்தை அங்கே யார் நம்புவார்கள்? கரைக்கு இழுத்து வந்து டிரம்மில் போட்டால் அதுவும் சிங்கம் மாதிரிதானே ஓடும்!

ஆகவே மானியத்தோடு சேர்த்து ஒரு மாற்று ஹோஸ், ஒரு ரப்பர் பல்பு, தண்ணீரைப் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் ஒன்று கொடுங்கள். இன்ஜின் விலையில் இதெல்லாம் ஒரு துளி. மெக்கானிக்கும் ஒருமுறை டிரம்மை விட்டுவிட்டு, படகில் ஏறி, முழு வேகத்தில் அரை மணி நேரம் கூடவே போய்ப் பார்க்கட்டும். கையை அந்தப் பல்பின் மேல் வைத்துக்கொண்டு.