வில்லுக்கு நாணேற்றும் முறை

ஜார்க்கண்டு மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழ் இல்லங்களில் வளரும் சிறுவர் சிறுமியர்க்கு வில்வித்தையில் ஆசை பிறப்பது வியப்பன்று. முண்டா மக்களும் சந்தால் மக்களும் வில்லைத் தம் உடைமைகளுள் முதன்மையாகப் போற்றிய நாடு அது. 1855-இல் சந்தால்களும், அந்நூற்றாண்டின் இறுதியில் பிர்சா முண்டாவைப் பின்பற்றியோரும் ஆங்கில ஆட்சியை எதிர்த்தது வில்லும் அம்பும் ஏந்தியே. ஜம்ஷெட்பூரில் 1996-இல் டாட்டா வில்வித்தைப் பயிற்சிக் கழகம் தோன்றியது. அங்குப் பயின்ற ராஞ்சிப் பெண் தீபிகா குமாரி 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டிகளில் பொற்பதக்கம் பெற்றார். பிறகு கேட்பானேன்! மூங்கில் வில் ஒன்று வாங்கித் தருமாறு நம் பிள்ளைகளும் நச்சரிக்கத் தொடங்கிவிட்டனர்.

வாங்கித் தருக என்பதே நமது கருத்து. ஆனால் தாய்மார்கள் அம்பை எண்ணி அஞ்சுகின்றனரேயன்றி, வில்லை எண்ணி அஞ்சுவதில்லை. அம்பு செல்லும் திசை முன்னரே தெரியும்; அத்திசையில் ஆளில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். வில்லோ, நாணேற்றும்போது கை நழுவினால் எப்பக்கம் துள்ளும் என்று சொல்லவொண்ணாது. வளைந்திருந்த முனை நொடியில் நிமிர்ந்து, குனிந்திருப்பவர் கண்ணையோ பல்லையோ தாக்கிவிடும்.

இவ்விடர் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில், திரௌபதியின் சுயம்வரத்துக்கு வந்த அரசர் பலர் நாணேற்ற முயன்று, வில்லின் விசையால் தூக்கியெறியப்பட்டுத் தரையில் வீழ்ந்தனர் என்று படிக்கிறோம். ஆயினும் நம் பிள்ளைகள் மனத்தில் பதிந்திருப்பது அதுவன்று. மிதிலையில் இராமபிரான் எளிதாக நாணேற்றிய காட்சியே பதிந்திருக்கிறது. ஆதலால் நாணேற்றுவது தோள்வலியைக் காட்டும் செயல் என்று கருதிவிடுகின்றனர். பிள்ளைகள் மட்டுமா? தந்தைமாரும் அப்படியே. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், மகன் தடுக்கத் தடுக்க, தந்தையார் வில்லின் கீழ்முனையைச் சிமெண்டுத் தரையில் ஊன்றி, முழங்காலால் அமுக்கி வளைத்தார். முனை வழுக்கியது. அருகில் நின்ற மகனுக்குப் புருவத்தில் நான்கு தையல். கண் தப்பியது தெய்வாதீனம்.

தரையில் ஊன்றுவது தவறு என்பதை முதலில் நினைவிற் கொள்க. வழுக்குவது ஒருபுறமிருக்க, முனையிலுள்ள குதையும் சிதைந்துபோகும். கால்களுக்கிடையே வில்லை நுழைத்துத் தொடையால் வளைக்கும் முறையையும் சிலர் கையாள்கின்றனர். முனைகள் முன்புறம் வளைந்த பயிற்சி வில்களுக்கு இது ஆகவே ஆகாது. வில் ஒருபுறமாக முறுக்கிக்கொள்ளும்.

யாவர்க்கும் ஏற்றது நாணேற்று கயிறு. விளையாட்டுக் கடைகளில் ஸ்டிரிங்கர் என்று கேட்டால் தருவார்கள். விலை மிகுதியன்று. உறுதியான கயிறொன்றின் இரு நுனிகளிலும் தோலாலோ துணியாலோ ஆன சிறு உறைகள் இருக்கும். முதலில் நாணின் கீழ் வளையத்தைக் கீழ்க் குதையில் சரியாக மாட்டுக. மேல் வளையம் வில்லின் மேற்பாதியில் தளர்ந்து கிடக்கட்டும். பின்னர் உறைகளை இரு முனைகளிலும் அணிவித்து, நாண் இருக்கும் பக்கம் தரையை நோக்குமாறு வில்லைக் கிடையாகப் பிடித்து, தொங்கும் கயிற்றைப் பாதத்தால் அழுந்த மிதித்துக்கொண்டு, பிடியை நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். வில் தானே வளைந்து கொடுக்கும். மற்றொரு கையால் மேல் வளையத்தை நகர்த்திக் குதையில் பொருத்துக. முகத்தை வில்லின் மேல் கவிழ்க்காமல் சற்றே விலக்கிக்கொள்வது நல்லது. இரு வளையங்களும் குதையில் நன்கு படிந்துள்ளனவா என்று கண்ணாற் கண்டபிறகே பிடியை மெல்லத் தாழ்த்த வேண்டும். விபத்துக்கள் பெரும்பாலும் இந்த அவசரத்தினாலேயே நேர்கின்றன.

கயிறு கிட்டாதபோது, நெடிய நேர்வில்லுக்கு மட்டும் பழைய முறையொன்று உண்டு. கீழ்முனையை இடப்பாதத்தின் உட்புறத்தில், தரையில் படாமல் அணைத்து வைத்து, இடக்கையால் பிடியைத் தம்பக்கம் இழுத்து, வலது உள்ளங்கையின் அடிப்பகுதியால் மேற்பாதியை அப்பால் தள்ள வேண்டும். வளையத்தை விரல் நுனிகளால் மேலே நகர்த்துக. நாணுக்கும் வில்லுக்கும் இடையில் விரல் நுழையலாகாது, நுழைந்தால் நசுங்கும். இது பெரியவர்க்குரிய முறை. சிறுவர்க்குக் கயிறே தக்கது.

மூங்கில் வில்லாயின் அதன் மேல்தோல் இலக்கை நோக்கி இருக்க வேண்டும். மாறாக வளைத்தால் முறியும். ஒவ்வொரு முறையும் நாணேற்றுமுன் வில் நெடுகிலும் விரலால் தடவிப் பார்த்து, சிராயோ வெடிப்போ தென்பட்டால் அவ்வில்லைத் தொடாமல் ஒதுக்கிவிடுக. நாணின் இழை பிரிந்திருந்தால் புதுநாண் வாங்குவதற்கு யோசிக்க வேண்டா. (இராஜஸ்தானத்துப் பீல் மக்கள் நாணையும் மூங்கிற் பட்டையாலேயே செய்துகொள்வர். அவ்வகை வில் கிடைத்தால், செய்தவரையே நாணேற்றிக் காட்டச் சொல்லுங்கள்.)

நேர்வில்லில் நாண் ஏறியபின், பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, மூடிய கைமுட்டியும் நிமிர்த்திய கட்டைவிரலும் சேர்ந்த அளவு, ஏறக்குறைய 6 அல்லது 7 அங்குலம் இருக்க வேண்டும். அதன்பின் அம்பு தொடுக்காமல் நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, மெல்ல மீள விடுக. வெறும் நாணைச் சுண்டிவிடும் விளையாட்டு மட்டும் வேண்டா. அம்பு ஏற்கவேண்டிய விசை முழுவதும் வில்லையே தாக்கி அதனைப் பிளந்துவிடும்.

பயிற்சி முடிந்ததும், ஏற்றிய முறையிலேயே நாணை இறக்கிவிட வேண்டும். ஏற்றிய நாணோடு மூலையில் சாய்த்து வைத்தால் மூங்கில் வளைந்தபடியே தங்கி வலுவிழக்கும். அடுப்பின் வெப்பமும் வெயிலும் படாத சுவரில் இரண்டு முளைகள் அடித்துக் கிடையாக வைத்தல் நன்று. முளைகள் கடைக்குட்டியின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.