"எக்ஸ்டேர்னல்தானே?" என்று இளிப்பவர்களுக்கு

எங்கட ஊர்களில் யாராவது பட்டம் முடித்துவிட்டேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி: "உள்வாரியா, எக்ஸ்டேர்னலா?" எக்ஸ்டேர்னல் என்றால் ஒரு இளிப்பு. உள்வாரியில் படிக்கும் நாங்கள் அந்த இளிப்பில் சேரத் தயாரில்லை.

சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் எடுத்தார். லண்டனுக்குப் போய்ப் படிக்கவில்லை. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 வரை தன் மாணவர்களை லண்டனின் வெளிவாரிப் பரீட்சைக்குத்தான் தயார்படுத்தியது. அவர்களெல்லாம் அரைப் பட்டதாரிகளா?

ஏ.எல். எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுபவர்களில் ஏறக்குறையக் கால்வாசிப் பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மிச்சப் பேர் கல்யாணம், கட்டார், கடை என்று போகிறார்கள். முப்பது வயதில் ஒரு ராத்தா திரும்பவும் கொப்பி தூக்கினால், "புள்ளையளப் பாக்காம இப்ப என்ன படிப்பு?" என்கிறார்கள். 1945இல் வந்த இலவசக் கல்வியைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். அது வெட்டுப்புள்ளியோடு நின்றுவிடுவதை யாரும் பேசுவதில்லை. எங்களுக்கு விரிவுரைக்குக் கட்டணமில்லை, விடுதி இருக்கிறது, வசதி குறைந்தவர்களுக்கு மஹாபொல இருக்கிறது. அந்த ராத்தாவுக்குப் பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், டியூட்டரிக் காசு, பஸ் காசு. கடைசியில் காப்பு அடகுக்குப் போகும்.

காசை விடக் கொடுமை, கணக்குத் தெரியாமல் இருப்பது. மருதமுனையில் தறி வைத்திருப்பவருக்கு ஒரு சாரனுக்கு நூல் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று விரல் நுனியில் தெரியும். பட்டத்துக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது. மூன்று வருடம் என்று சொல்லிப் பதிகிறார்கள். பரீட்சை தள்ளிப்போகும், பெறுபேறு பிந்தும், டியூட்டரிக்குத் திரும்பவும் கட்ட வேண்டும். பாடம் தெரிவதும் விருப்பத்தைப் பார்த்தல்ல. ஊர் டியூட்டரியில் எந்தப் பாடத்துக்கு ஆள் இருக்கிறாரோ அதுதான் பாடம். பாதியில் விட்டவரைச் சோம்பேறி என்று சொல்ல மட்டும் எல்லோருக்கும் வாய் இருக்கிறது.

நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, பதியும் நாளிலேயே கடைசி வருடம் வரையான எல்லாக் கட்டணமும், ஒவ்வொரு பரீட்சையும் நடக்கும் மாதமும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தள்ளிப்போனால் அந்தச் செலவு மாணவர் தலையில் விழக்கூடாது.

இரண்டு, கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற மாதிரிப் பாடம் எடுக்க விட வேண்டும். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் எடுக்கும் பாடங்களுக்குத்தான் கட்டணம். இந்த வருடம் இரண்டு, அடுத்த வருடம் நாலு என்று ஒரு தாய் திட்டம் போடலாம். மற்ற இடங்களில் ஏன் முடியாது? சித்தியடைந்த பாடம், இடையில் நின்றவர் திரும்பி வரும்போதும் செல்லுபடியாக வேண்டும்.

மூன்றாவது எங்கட பள்ளிவாசல்களிடம். ஸகாத் நிதியில் தையல் மெசின் கொடுக்கிறீர்கள், நல்லது. ஏழை வீட்டு ராத்தா ஒருவரின் பரீட்சைக் கட்டணத்தையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். மெசினைப் போலவே அந்தப் பட்டமும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும்.

இதில் எதையும் செய்ய மனமில்லாதவர்கள், தயவுசெய்து அந்த இளிப்பையாவது நிறுத்துங்கள்.